எங்கட காலம் மாதிரி வருமோ!

2022 மார்ச் கடைசியில் கொழும்பு இருண்டு கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோலுக்குக் கியூ, காஸுக்குக் கியூ, பால்மாவுக்குக் கியூ. நாடே தலையில் கை வைத்திருந்த அந்தக் கிழமைகளில் ஒரேயொரு கூட்டம் மட்டும் முகமெல்லாம் பூரிப்பாகத் திரிந்தது. தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்தவர்கள்.

"இதெல்லாம் ஒரு கரண்ட் கட்டோ தம்பி? நாங்கள் கரண்டைக் கண்ணாலயே காணாமல் வளர்ந்தனாங்கள்!"

எங்கள் பெரியப்பா ஒருவர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு கொழும்பில் இருக்கிற மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் வகுப்பே எடுத்தார். மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டுவது எப்படி? முழு விளக்கம், படம் கீறி, அம்புக்குறி போட்டு. கொழும்பில் அப்போது மண்ணெண்ணெய்க்கும் கியூ என்ற சின்ன விஷயம் அவருக்குப் பொருட்டாகப் படவில்லை.

நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். ஊர் மல்லாவி. மாங்குளத்தில் கண்டி வீதியை விட்டு மேற்கே திரும்பி, வெள்ளாங்குளம் போகிற ரோட்டைப் பிடித்தால் வருவோம். ஆகவே இந்தப் புளுகுகளை உள்ளே இருந்தே அவிழ்த்துக் காட்ட எனக்குப் பூரண உரித்து உண்டு. கோபப்படுகிறவர்கள் என்னோடு கோபப்படலாம். ஆனால் பொய் சொல்கிறேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

முதலில் ஊரின் பெருமை. 1996 வரைக்கும் மல்லாவியை வன்னிக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அந்த வருஷம் செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. அங்கிருந்த சனமும் கடைகளும் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் வந்து சேர, ஒரு சந்தியும் நாலு கடையுமாக இருந்த மல்லாவிக்குத் திடீரென்று தலைநகர்ப் பதவி கிடைத்தது. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் அதைச் சொல்லும்போது கழுத்து ஒரு அங்குலம் நீளும். அந்தப் பதவிக்கு எங்களிடம் இருந்த ஒரே தகுதி, ஆமி இன்னும் இங்கே வரவில்லை என்பதுதான்.

அதற்கு முதல் வருஷம், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெளிக்கிட்டது. அந்தச் சனத்திலும் பெருந்தொகை கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குள் வந்தது. இதில் ஒரு வேடிக்கை. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்களுக்கு ஒரு தலைமுறையாக வன்னி என்றால் பனிஷ்மென்ட் ட்ரான்ஸ்பர். காடு, கரடி, மலேரியா. வன்னிக்கு மாற்றம் வந்தால் எம்.பி. வீட்டு வாசலில் நின்று இரத்துச் செய்வித்தவர்கள் உண்டு. அவர்களே இப்போது எங்கள் முற்றத்தில் கொட்டில் போட்டுக்கொண்டு, "இஞ்ச கிணத்துத் தண்ணி சரியில்லை" என்று குறைப்பட்டார்கள். அந்த முறை இரத்துச் செய்விக்க எம்.பி. இல்லை.

நாங்கள் மட்டும் சும்மாவா? வந்த விருந்தாளிக்குத் தயிரும் தேனும் கொடுத்துவிட்டு, கூடவே யானைக் கதையும் கொடுத்தோம். நேற்று இரவு பின்வளவில் அலியன் நின்றது, முந்தநாள் கரடி துரத்தியது. பாவம், யாழ்ப்பாணத்துச் சனம் இருட்டினால் வெளிக்குப் போகவே பயந்தது. பதிலுக்கு அவர்கள் தங்கள் கெட்டிக்காரக் கணக்கு மாஸ்டர்மாரை எங்கள் வேப்பமரத்துக்குக் கீழே கொண்டுவந்து இருத்தினார்கள். அவர்களால் எங்களுக்குக் கணக்கு வந்தது. எங்களால் அவர்களுக்கு மலேரியா வந்தது. யாருக்கு இலாபம் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

சரி, வீரக் கதைகளுக்கு வருவோம். வரிசையில் முதலாவது விளக்கு.

1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியதோடு வந்த பொருளாதாரத் தடை 2002 தை மாதம் வரைக்கும் இருந்தது. பற்றரி, பெற்றோல், சீமெந்து, உரம் எல்லாம் வவுனியாவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. மண்ணெண்ணெய் மட்டும் வந்தது. சென்ட் மாதிரி வந்தது, சென்ட் விலையில் விற்றது. அப்போது பிறந்ததுதான் சிக்கன விளக்கு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளால் இழுத்த நூல் திரி. சுடர் போத்தலுக்கு உள்ளேயே நின்று எரியும், காற்றுக்கு அணையாது, ஒரு கரண்டி எண்ணெயில் இராத்திரி ஓடும். உண்மையிலேயே கெட்டித்தனமான சாமான். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவர் எப்போதும் சொல்பவரின் சித்தப்பா.

"அந்த வெளிச்சத்தில படிச்சுத்தான் நான் இஞ்சினியரானனான்." இதைக் கேட்டிருப்பீர்கள். மறுக்கவில்லை, ஆனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த விளக்கு எல்லா வீட்டிலும் எரிந்தது. விளக்குத்தான் காரணம் என்றால் வன்னி முழுக்க இஞ்சினியர்மாரும் டொக்டர்மாருமாக இருந்திருக்க வேண்டும், வயல் உழுவதற்கு ஆள் மிஞ்சியிருக்கக் கூடாது.

நடந்தது என்னவென்றால், அந்த வெளிச்சத்தில் ஒரு வரி வாசிக்க முகத்தைப் போத்தலுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். கிட்டப் போனால் முன்மயிர் பொசுங்கும். அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்குப் பிள்ளை படிப்பதற்கு அத்தாட்சி அந்தப் பொசுங்கல் மணம்தான். இந்த இரகசியம் பெடியளுக்கு விளங்கிய நாளிலிருந்து, நித்திரைக்குப் போக முன்னம் ஒரு கொத்து மயிரைப் பொசுக்கிவிட்டுப் படுக்கிற வழக்கம் ஊரில் பரவியது. இன்றைக்குப் பல இஞ்சினியர்மாரின் வழுக்கைக்குப் பரம்பரையைக் குற்றம் சொல்வது அநியாயம்.

அம்மம்மாமாருக்கு வேறு தீர்வு இருந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்தண்ணியில் விளக்கெரிப்பது எங்கள் மாவட்டத்துக்கே பெருமை. "அம்மாளாச்சி, அதே மாதிரி எங்கட வீட்டிலயும் ஒருக்கா எரிய வையணை" என்று நேர்த்தி வைத்தவர்கள் உண்டு. அம்மன் இரங்கியிருப்பா. மல்லாவியில் கடல் இல்லை.

அடுத்தது றேடியோ. இங்கே கொஞ்சம் இருந்து கதைக்க வேண்டும்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றினால், சில்லோடு உரசுகிற டைனமோவில் கரண்ட் பிறக்கும். அதை வயரில் றேடியோவுக்குக் கொடுத்தால் உலகம் பேசும். கேட்க எவ்வளவு வடிவு! ஆனால் டைனமோ தருவது ஏசி, றேடியோ கேட்பது டிசி. இடையில் ஒரு டயோட்டும் கப்பாசிற்றரும் போடத் தெரியாத வீடுகளில் பிபிசி தமிழோசையில் பாதி "ம்ம்ம்ம்" என்றே வரும். அந்த இடங்களைப் பெரியவர்கள் தங்கள் விருப்பப்படி நிரப்பிக்கொள்வார்கள். மறுநாள் மல்லாவிச் சந்தியில் உலவிய செய்தியில் எது பிபிசி சொன்னது, எது "ம்ம்ம்ம்" சொன்னது என்று லண்டனுக்கே தெரியாது.

சுற்றுவது யார்? சின்னப் பெடியள். கேட்பது யார்? பெரியாக்கள். ஆனால் அதிகாரம் எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? சுற்றுகிற கையில். மாமா ஏசினால் பெடல் தளரும், பெடல் தளர்ந்தால் செய்தியாளரின் தொண்டை கட்டும். ஏழெட்டு வயதில் சர்வதேச ஊடகத்துக்கே தணிக்கை போட்டவர்கள் நாங்கள்.

1996 மார்ச் 17. லாகூரில் உலகக்கிண்ண இறுதியாட்டம். அவுஸ்திரேலியா 241. எங்கள் வளவில் ஒரு சைக்கிள், ஒரு றேடியோ, அதைச் சுற்றிப் பத்து இருபது தலை. வர்ணனை சிங்களத்தில் வரும், ஆங்கிலத்தில் வரும். கூடியிருந்த எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் விளங்காது. தெற்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா மட்டும் மொழிபெயர்ப்பாளர். அவர் சாதாரணமாகக் கதைக்கும்போது பொயிலையைக் குதப்பிக்கொண்டு ஒரு வசனத்துக்கு ஐந்து நிமிஷம் எடுப்பவர். அரவிந்த டி சில்வா அடித்த நாலு எங்களுக்கு ஒரு ஓவர் பிந்தித்தான் கிடைத்தது.

இலங்கை 23 ஓட்டத்துக்கு 2 விக்கெட். சனத் போய்விட்டார், களுவிதாரண போய்விட்டார். அந்த நேரம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தவனுக்குக் கை உளைந்தது. றேடியோ ஊமை. "டேய், சுத்தடா!" என்று முற்றமே எழும்பியது. மறுபடி சத்தம் வந்தபோது அங்கே சனம் ஆர்ப்பரிக்கிறது. யாருக்காக? அரவிந்தவும் போய்விட்டாரா? ஐயா கண்ணை மூடிக் கேட்டார். பொயிலையைத் துப்பினார். "கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அந்தப் பொறுமையில் எங்கள் வளவில் எத்தனை பேருக்குப் பிறஷர் ஏறியது என்று கணக்கெடுக்கவில்லை. கடைசியில் அரவிந்த 107, ஆட்டமிழக்கவில்லை. 7 விக்கெட்டால் வெற்றி.

எந்தச் சிங்கக் கொடி வானத்தில் வந்தால் பங்கருக்குள் ஒளித்தோமோ, அதே கொடிக்கு அந்த இரவு கைதட்டினோம். இதை யாரும் அரசியலாக ஆராயவில்லை, சந்தியிலும் கதைக்கவில்லை. ஆனால் மறுநாள் தென்னம்மட்டையோடு நின்ற பெடியள் அத்தனை பேரும் அரவிந்ததான். பந்து போடத்தான் ஒருவனும் இல்லை.

இன்றைக்குக் கனடாவிலும் பரிசிலும் சந்திக்கிற எல்லாரும் அந்த மட்சுக்கு டைனமோ சுற்றியவர்களாம். அப்படியென்றால் கேட்டது யார்?

இனி எம்.டி. நைன்ரி. ஹொண்டாக்காரன் அந்த மோட்டச்சைக்கிளைச் செய்தபோது வன்னியைப் பற்றி அறிந்திருக்க நியாயம் இல்லை. அறிந்திருந்தால் செய்திருக்கவே மாட்டான். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது, எஞ்சின் சூடாகிற வரைக்கும் பெற்றோல் வேண்டும். ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பக்குவமாக வைத்து, காபரேற்றருக்குச் சில சொட்டு விட்டு, ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை கிளம்பும். பிளக்கில் கரி பிடிக்கும். நடுவழியில் நிற்கும். எந்த மாப்பிள்ளையின் சேட்டுப் பொக்கற்றிலும் பிளக் திறப்பும் அரத்தாளும் இருக்கும்.

இதில் வீரம் எங்கே என்றால், பெட்டையள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்தில். நின்ற மோட்டச்சைக்கிளைப் பெற்றோல் சொட்டில் எழுப்புவது தனி அழகு, மண்ணெண்ணெய்ப் புகை விட்டுக்கொண்டு வருவது மரியாதைக் குறைவு. ஆகவே சந்திக்கு முன்னமே எஞ்சினை நிறுத்தி, தள்ளிக்கொண்டு வந்து, அவர்கள் கிட்ட வரும்போது அந்த அருமையான கடைசிச் சொட்டுகளைச் செலவழிப்பார்கள். ஒரு கிழமைக்குரிய பெற்றோல் ஒரு புன்னகைக்குப் போனது. புன்னகை வரவில்லை. இருமல்தான் வந்தது.

சவர்க்காரக் கதையைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். சவர்க்காரம் தட்டுப்பட்ட நேரம் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். அழுக்குப் போகும், பொய்யில்லை. ஆனால் கொடியில் காய்கிற வெள்ளைச் சேட்டில் பனம்பழ வாசம் அடிக்க, மாடு வந்து சப்பும். எங்கள் தலைமுறையில் பலருக்கு யூனிபோம் கைபாதியாக இருந்ததற்கு அதுதான் காரணம். படத்தில் பார்த்து ஃபாஷன் என்று நினைக்க வேண்டாம்.

பங்கரிலும் பெருமை பார்த்த சனம் நாங்கள். மேலே போட்டது பாலைக் குத்தியா, பனங்குத்தியா? சும்மா குழியா, எல் வடிவமா? கலியாணம் பேச வந்த இடத்தில் காணி எவ்வளவு என்று கேட்ட வாயாலேயே பங்கர் எப்படி என்றும் கேட்டார்கள். சீதனத்தில் பங்கர் எழுதிய வீடு எனக்குத் தெரிய இல்லை. எழுதியிருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

விமானச் சத்தம் கேட்டால் உள்ளே இறங்க வேண்டும். உள்ளே தவளை இருக்கும், சிலவேளை பாம்பும் இருக்கும். மேலே கிபிர், கீழே பாம்பு. எதற்குப் பயப்படுவது என்பதில் ஒவ்வொரு குடும்பத்திலும் இரண்டு கட்சி. அப்பா றேடியோவைத் தூக்குவார், அம்மா காணி உறுதிப் பையைத் தூக்குவா, அப்பம்மா வெற்றிலைத் தட்டத்தைத் தூக்குவா. தங்கச்சியைத் தூக்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வரும்.

பெடியளோ விமான நிபுணர்கள். சத்தத்தை வைத்தே இது சியாமா செட்டி, இது புக்காரா, இது கிபிர் என்று சொல்லுவோம். சரியாகவும் இருக்கும். இத்தாலித் தயாரிப்பு, ஆர்ஜென்ரீனாத் தயாரிப்பு, இஸ்ரேல் தயாரிப்பு. சமூகக்கல்விப் பாடத்தில் உலகப்படத்தை விரித்து இந்த மூன்று நாட்டையும் காட்டு என்றால் ஒருவனுக்கும் தெரியாது.

குண்டு விழுந்த இடங்களைப் பற்றி இங்கே பகிடி இல்லை. அதை ஒருவரும் புளுகுவதும் இல்லை. அந்தப் பேச்சு வந்தால் இவ்வளவு நேரமும் கதைத்தவர் தண்ணி குடிக்க எழும்பிப் போய்விடுவார்.

இப்போது எங்கள் ஊரின் நிரந்தரக் கதாநாயகனுக்கு வருவோம். பண்டாரவன்னியன். பள்ளிக்கூட விழா என்றால் நாடகம், நாடகம் என்றால் பண்டாரவன்னியன். முல்லைமணி எழுதியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதியும் அவரை வைத்து நாவல் எழுதினார். எங்கள் பள்ளிக்கூடங்களிலோ வாத்தியார்மார் ஆளுக்கொன்று எழுதி வைத்திருந்தார்கள். பண்டாரவன்னியன் வேஷம் பெரும்பாலும் எழுதிய வாத்தியாரின் மகனுக்கு. இது வரலாற்றுத் தேவை.

வெள்ளைக்காரக் கப்டன் வொன் டிறிபேர்க் வேஷம்தான் பெரிய சிக்கல். முகத்தை வெள்ளையாக்க வேண்டும். பவுடர் எங்கே? சங்கக்கடை நிவாரணக் கோதுமை மாதான். ரொட்டிக்கு வைத்த மாவை முகத்தில் பூச எந்த அம்மா விடுவா? ஆகவே எங்கள் கப்டன் ஒரு பக்கக் கன்னம் மட்டும் ஐரோப்பியனாக மேடையேறினான். பார்வையாளர் பக்கம் அந்தக் கன்னத்தையே காட்டிக்கொண்டு சண்டை பிடித்ததில், வாளை எந்தப் பக்கம் வீசுவது என்று தெரியாமல் திண்டாடினான். அன்றைக்குப் பண்டாரவன்னியன் வென்றிருக்க வேண்டியவர்.

உண்மையில் 1803 ஓகஸ்டில் அவர் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார், ஒக்ரோபர் 31இல் தோற்றார். ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் ஒரு கல் நாட்டினார்கள். இந்த இடத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று அதில் எழுதினார்கள். தோற்கடித்தார் என்றுதான், கொன்றார் என்று இல்லை. எங்கள் மேடையில் அவர் இருபது நிமிஷம் வசனம் பேசிச் சாவார். வென்றவன் தன் பெயருக்காக நாட்டிய கல் அது. இன்றைக்கு அந்தக் கப்டனை யாருக்காவது தெரிகிறதென்றால், தோற்ற ஆளின் புண்ணியத்தால்தான்.

அதைவிடச் சுவாரசியமான ஆள் காக்கை வன்னியன். பண்டாரவன்னியனைக் காட்டிக் கொடுத்தவன் என்று நாடகத்தில் வருவான். அந்த வேஷம் கட்டினவனுக்குப் பிறகு ஆயுள் முழுக்க அதுதான் பட்டம். ஆனால் யாழ்ப்பாண வைபவமாலையைத் திறந்தால், அங்கே சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக் கொடுப்பதும் ஒரு காக்கை வன்னியன்தான்! யாழ்ப்பாண இராச்சியம் விழுந்தது 1619. பண்டாரவன்னியன் தோற்றது 1803. 184 வருஷ இடைவெளியில் இரண்டு துரோகம். இவ்வளவு நீண்ட சேவை நீடிப்புப் பெற்ற உத்தியோகத்தர் இலங்கையில் வேறு யாரும் இல்லை. எங்களுக்குத் தோல்வி வந்தால் நாங்கள் தோற்றோம் என்று ஒத்துக்கொள்ள மனம் வராது. காக்கை வன்னியனைக் கூப்பிடுவோம். அந்த மனிசனும் வந்துவிடுகிறான்.

பழையவர்களின் கதையையும் விட்டுவைக்க முடியாது. நாங்கள் தடைக் காலத்தைச் சொன்னால், அப்பாமார் எழுபதுகளைச் சொல்லி எங்களை அடக்குவார்கள். சிறிமாவோ காலம், பாணுக்குக் கியூ, அரிசி கொண்டுபோகத் தடை. "மரவள்ளிக் கிழங்கு திண்டு வளர்ந்த உடம்படா இது!" நல்லது. ஆனால் அதே அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியதால் வன்னியில் மிளகாய் நட்டவர்கள் கையில் காசு கொட்டியது. அல்பத்தை எடுத்துப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கு தின்ற அந்த உடம்பில் பெல்பொட்டம், கையில் ட்ரான்சிஸ்ரர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

அப்பப்பாமாரின் கதை இன்னும் பெரிது. 1950களில் வவுனிக்குளத்தைத் திருத்திக் காணி கொடுத்தபோது வந்து இறங்கியவர்கள். எல்லாளன் கட்டிய குளம் என்று சொல்லி, தாங்கள் எல்லாளனுக்குப் பக்கத்துக் காணிக்காரர் என்ற மாதிரி நடந்துகொள்வார்கள். வெறுங்கையால் காட்டை வென்றார்களாம். காட்டை வெட்டியது அவர்கள்தான், அந்த வியர்வையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னம் வந்தவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனதும், இவர்களைக் கொண்டுபோகாததும் ஏன்? 1946இல் தொடங்கி வீடு வீடாக டி.டி.ரி. அடித்தார்கள். 1963இல் முழு இலங்கையிலும் 17 மலேரியாக்காரர்தான். அப்பப்பாவின் வீரத்தில் பாதியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் மருந்தடிக்கிற மனிசன். அவனுக்குச் சிலை இல்லை, தேத்தண்ணி கொடுத்ததாகக்கூட ஞாபகம் இல்லை.

பிறகு அடிப்பதை நிறுத்த, மலேரியா திரும்பி வந்து எங்கள் காலத்தில் வட்டியோடு வசூலித்தது. மல்லாவி ஆஸ்பத்திரியில் எம்.எஸ்.எஃப். டொக்டர்மார் எங்கள் குளிர்காய்ச்சலைப் பார்த்தார்கள். நாங்களோ யாருக்கு எத்தனை தரம் வந்தது என்று போட்டி போட்டோம். குளோரோகுவின் குளிசையைத் தண்ணி இல்லாமல் விழுங்கியவனுக்குத் தனி மரியாதை. 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்தப் போட்டி அத்தோடு நின்றுபோனது, எங்கள் சாதனைகளை இனி யாரும் முறியடிக்க முடியாது.

"எங்கட குளத்து மீன்ரை ருசி வருமோ?" என்று உருகுகிறார்களே, அந்த மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபிரிக்காவில் பிறந்து, 1950களில் இலங்கைக்கு வந்த திலாப்பியா அது. எங்கள் ஊரில் அதற்கு யப்பான் என்று பெயர். பாரம்பரியம்!

இன்னும் பின்னால் போனால் எங்கள் பக்கத்துப் பனங்காமத்து வன்னியர்கள். ஒல்லாந்தருக்கு அடங்காத வீரர்கள் என்று மார்தட்டுவோம். அடங்கவில்லைத்தான். ஆனால் அன்றாடம் அந்த வீரம் எப்படி இருந்தது தெரியுமா? வருஷா வருஷம் திறையாக யானை கொடுக்க வேண்டும். இவர்கள் கொடுப்பதில்லை, பாக்கி ஏறிக்கொண்டே போகும். 1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தக் கொமாண்டர் ஸ்வார்டெக்றூன் தனக்குப் பின்னால் வருபவர்களுக்கு எழுதி வைத்த குறிப்பிலேயே இந்த யானைப் பாக்கி இருக்கிறது. லீசிங் கொம்பனிக்காரன் வருகிறான் என்றதும் வீட்டைப் பூட்டிப்போட்டு வயலுக்குப் போகிற கலை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா? இரத்தத்தில் இருக்கிறது.

இவ்வளவு புளுகிலும் ஒரு பகுதியாரின் குரல் கேட்கவில்லை, கவனித்தீர்களா? அந்தக் காலத்து அம்மாமார். நிவாரணக் கார்ட்டோடு சங்கக்கடையில் நின்றது, தறப்பாள் கொட்டிலுக்குள் மழைக்கு நடுவில் ஈர விறகு ஊதியது, உரப்பையில் புத்தகப் பை தைத்தது, காய்ச்சல்காரப் பிள்ளையைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம் அவர்கள். "அந்தக் காலம் எப்பிடியம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "கோதாரி, அதை ஏன் இப்ப" என்று சொல்லிவிட்டு அரிக்கன்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவா. வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதனால்தான் பெரியப்பாமாரை விட்டால் வேறு வழி இல்லை.

2002 தை மாதம் தடை நீங்கியது. ஏப்ரலில் ஏ9 பாதை யாழ்ப்பாணம் வரைக்கும் திறந்தது. பற்றரி வந்தது, பெற்றோல் வந்தது, சவர்க்காரம் கலர் கலராக வந்தது. எங்கள் கண்டுபிடிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? எங்கட டைனமோவை விடமாட்டோம் என்று ஒரு பேரணி? ஜாம் போத்தலைக் காப்போம் என்று ஒரு சங்கம்? கவிழ்ந்து கிடந்த சைக்கிள்கள் ஒரே கிழமையில் நிமிர்ந்தன. ஜாம் போத்தலைக் கழுவி உப்புப் போட்டார்கள். எம்.டி. நைன்ரிக்கு முதல் தரம் நிறையப் பெற்றோல் அடித்த ஒருவர், ராங் மூடியைத் திறந்து மணந்து பார்த்துக்கொண்டே நின்றார். கடைகளும் கந்தோர்களும் கிளிநொச்சிக்குத் திரும்பிப் போயின. மல்லாவியின் தலைநகர்ப் பதவி பறிபோனதற்கு ஒருவர்கூட உண்ணாவிரதம் இருக்கவில்லை. எல்லாரும் கிளிநொச்சிக்கு ஐஸ்கிறீம் குடிக்கப் போயிருந்தார்கள்.

ஆகவே உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா அந்தக் காலம்தான் பொற்காலம் என்று தொடங்கினால் எதிர்த்துக் கதைத்து அவரின் மனதை நோகப் பண்ண வேண்டாம். மரியாதையாக அவரின் ஐபோனை வாங்கி வைத்துக்கொண்டு, சைக்கிளைக் கவிழ்த்துக் கொடுத்து, ஒரு கிழமைக்குச் சுற்றச் சொல்லுங்கள். டயோட் நான் அனுப்பி வைக்கிறேன்.